நாலே முக்காலுக்கு இருட்டினால்: வாசகர் கேள்வி பதில்

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்ததுதான் தாமதம், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் குரலே மாறிவிடும். கொலஸ்ட்ரோலும் சீனி வருத்தமும் ஒரு பக்கம் போய், "எழும்பவே மனமில்லை", "எந்த நேரமும் சாப்பிடத் தோன்றுகிறது", "ஒன்றிலும் பிடிப்பில்லை" என்று எழுதத் தொடங்குவீர்கள். கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உணவியலாளராக வேலை செய்யும் எனக்கு இந்தப் பேச்சு தினமும் காதில் விழுவதுதான். அதனால் இந்த மாதம் குளிர்காலக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 38. வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் நவம்பர் நடுவில் நான் வேறு ஆளாகிவிடுகிறேன். ஒன்பது மணித்தியாலம் படுத்தாலும் நித்திரை போதாது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ரோல்ஸ், பிஸ்கட், கொத்துரொட்டி என்று கை போய்க்கொண்டே இருக்கும். காரணமில்லாமல் அழுகை வரும். ஏப்ரலில் எல்லாம் சரியாகிவிடும். அம்மா இதைச் சோம்பல் என்கிறார். இவர், "ஊருக்கு ஒருக்கால் போய் வந்தால் சரிவரும்" என்கிறார். என்ன சாப்பிட்டால் இது மாறும்?
(பெயர் வேண்டாம், ஸ்காபரோ)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள், என் பதிலையும் வாசித்துக் காட்டுங்கள். இது சோம்பல் இல்லை. நீங்கள் எழுதிய எல்லாம், கூடுதல் நித்திரை, மாச்சத்து மேல் ஆசை, ஏப்ரலில் தானாக விட்டுப்போவது வரை, பருவகால மனச்சோர்வின் அடையாளங்கள். 1984-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் நோர்மன் ரோசெந்தாலும் அவருடன் வேலை செய்தவர்களும் இதற்குப் பெயர் வைத்து விவரித்து எழுதினார்கள். அந்த டொக்டர் வெயில் நாடான தென்னாபிரிக்காவில் வளர்ந்து நியூயோர்க் வந்தவர். குளிர்காலத்தில் தான் சோர்ந்துபோவதைத் தன்னிலேயே கவனித்தவர். எங்களைப் போல ஆள்தான்.

யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலம் இருக்கும். ரொறன்ரோவில் டிசம்பர் கடைசியில் ஒன்பது மணித்தியாலம்கூட முழுதாக இல்லை. சூரியன் காலை ஏழே முக்காலுக்குத்தான் எழும்புகிறது, பின்னேரம் நாலே முக்காலுக்குள் போய்விடுகிறது. எங்கள் உடம்புக்குள் ஓடும் மணிக்கூட்டைத் தினமும் சரிப்படுத்துவது கண்ணுக்குள் போகும் காலை வெளிச்சம். அது பிந்தினால் நித்திரை, பசி, மனம் மூன்றும் சேர்ந்து பிந்தும். ஆகவே "என்ன சாப்பிட்டால் மாறும்" என்ற கேள்விக்கு நான் உணவியலாளராக இருந்துகொண்டே சொல்கிறேன்: முதலில் வெளிச்சம், அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள், வெளிச்சம் வந்தவுடன், வெளியே போய் நடவுங்கள். இருபது, முப்பது நிமிடம் போதும். வானம் மூட்டமாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மூட்டமான குளிர்காலக் காலையிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும், நிலத்தில் ஸ்னோ கிடந்தால் இன்னும் கூடும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். பஸ் தரிப்புவரை நடக்கிற அந்தப் பத்து நிமிடமும் அவர்களுக்கு இல்லை. படுக்கையறையிலிருந்து மடிக்கணினிக்குப் போய், அதிலிருந்து தலைநிமிரும்போது வெளியே இருட்டிவிட்டது.

வெளியே போக முடியாத நாட்களுக்கு ஒளிப்பெட்டி வாங்கலாம். 10,000 லக்ஸ் என்றும் புற ஊதாக் கதிர் வடிகட்டியது என்றும் பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு அடி தள்ளி வைத்து, காலைச் சாப்பாட்டு நேரம் அரை மணித்தியாலம் அதன் முன்னால் இருங்கள். அதையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. 2006-இல் கனடாவில் வன்கூவர் டொக்டர் ரேமண்ட் லாம் தலைமையில் செய்த ஆய்வில், இந்த வெளிச்சமும் ஃபுளுவொக்செற்றின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் கொடுத்தன. கண்ணில் நோய் உள்ளவர்கள், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. இரவில் பாவித்தால் நித்திரை கெடும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நாலு மணிக்கு ரோல்ஸைத் தேடுகிற கைக்கு மருந்து காலை எட்டு மணியில் இருக்கிறது. வெள்ளைப் பாணும் ஜாமும் சீனி போட்ட பால்தேத்தண்ணியும் என்று நாளைத் தொடங்கினால், மத்தியானம் சோற்றை அள்ளிப் போட்டால், பின்னேரம் உடம்பு மாச்சத்தைக் கேட்கத்தான் செய்யும். காலையில் புரதம் வேண்டும். குரக்கன் புட்டோடு முட்டை, அவித்த பயறு, முதல் நாள் கடலைக்கறி மிச்சம் எதுவும் நல்லது.

நாலு மணிக்கு என்று ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்வது இது. ஞாயிறு இரவு இரண்டு கப் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, அடுத்த நாள் உப்புப் போட்டு அவித்து, சின்னச் சின்னப் பைகளில் ஃபிரீசரில் வைத்துவிடுவேன். வேண்டிய நேரம் ஒரு பையை எடுத்து, தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, செத்தல் மிளகாய் இரண்டு, வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் ஓரம் சிவந்தவுடன் கடலையைப் போட்டுப் பெரிய நெருப்பில் பிரட்ட வேண்டும், கடலைத் தோல் கொஞ்சம் வெடித்து நிற்கும் வரை. கடைசியில் சின்னச் சின்னத் தேங்காய்ச்சொட்டு, இறக்கித் தேசிக்காய்ப் புளி. ஐந்து நிமிட வேலை. சூடும் உறைப்பும் கடிக்கிற பதமும் இருப்பதால் ரோல்ஸ் கேட்ட வாய் அடங்கிவிடும். கொண்டைக்கடலையில் நார்ச்சத்தும் புரதமும் இருப்பதால் இரவுச் சாப்பாடுவரை தாங்கும்.

சாப்பாடு மனதை மாற்றுமா என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2017-இல் அவுஸ்திரேலியாவில் மனச்சோர்வுள்ள 67 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பன்னிரண்டு கிழமை மரக்கறி, பழம், பருப்பு வகை, மீன், கொட்டைகள், ஒலிவ் எண்ணெய் என்று சாப்பாட்டை மாற்றினார்கள். மற்றவர்களுக்கு ஆறுதலாகப் பேச ஓர் ஆள் மட்டும். சாப்பாடு மாறியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறினார். மற்றவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். சின்ன ஆய்வு, அதை வைத்து மருந்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள்: பருப்பு, கீரை, மீன். கொத்துரொட்டிக் கடை வருவதற்கு முன்னால் எங்கள் வீடுகளில் இருந்த சாப்பாடுதான்.

இன்னொன்று. குடும்ப டொக்டரிடம் போய் இரும்புச்சத்து, தைரொயிட், பி12 மூன்றையும் சோதிக்கக் கேளுங்கள். மாதவிடாய் கூடுதலாகப் போகும் பெண்களில் இரும்புக் குறைவும் இதே மாதிரிக் களைப்பைத் தரும். அழுகை தினமும் வருகிறது, இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கிறது என்றால் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஊருக்குப் போவது நல்லதுதான், கணவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் மூன்று கிழமையில் திரும்பி வந்து இறங்குவது அதே பெப்ரவரிக்குள்.

கேள்வி: பிள்ளை, நான் வடமராட்சியில் இருந்து மகளிடம் வந்திருக்கிறேன். வயது 71. முழங்கால் நோ. வெளியில் ஐஸ், விழுந்துவிடுவேன் என்று மகள் விடுகிறாள் இல்லை. பகலில் சன்னலடியில் கதிரையைப் போட்டு வெயிலில் இருக்கிறேன். அது காணாதோ? உடம்பெல்லாம் உளைவாகக் கிடக்கிறது, ஊர் நினைவாகவே கிடக்கிறது.
(ஓர் அம்மம்மா, மார்க்கம்)

பதில்: அம்மா, சன்னலடிக் கதிரையை விடாதீர்கள். அந்த வெளிச்சம் மனதுக்கும் நித்திரைக்கும் நல்லது. ஆனால் விற்றமின் டிக்கு அது காணாது. தோலில் விற்றமின் டியை உண்டாக்கும் கதிரைச் சன்னல் கண்ணாடி உள்ளே விடாது. கண்ணாடியைத் திறந்தாலும் நவம்பரிலிருந்து பெப்ரவரிவரை இந்த நாட்டு வெயில் அதற்குப் போதாது, சூரியன் அவ்வளவு பதிவாக நிற்கிறது. எங்களைப் போலக் கறுத்த தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும்.

அதனால் மாத்திரை எடுங்கள். எழுபது தாண்டியவர்களுக்கு ஒரு நாளைக்கு 800 அலகு விற்றமின் டி தேவை என்பது கனடாச் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கு. 51 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் சாப்பாட்டுக்கு மேலதிகமாக 400 அலகு மாத்திரை எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கலாம். மிச்சத்துக்குப் பால் இருக்கிறது, இங்கே விற்கும் பாலில் விற்றமின் டி சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். ரின் மீனும் நல்லது. சாடின் ரின்னை முள்ளோடு மசித்து, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு வறுத்துத் தந்தால் கல்சியமும் சேர்ந்து வரும். மகளிடம் சொல்லுங்கள்.

இனி நடை. வெளியே விடாத மகளைக் கோபிக்காதீர்கள், இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பெரிய பாடு. ஆனால் வீட்டுக்குள்ளேயே இருத்திவிடுவதும் அதே அளவு கெடுதி என்பதை மகளும் கேட்க வேண்டும். அசையாத காலில் தசை கரையும், தசை கரைந்த கால்தான் விழும். பெரிய மோல்களில் பலவற்றைக் கடைகள் திறக்க முன்பே நடப்பவர்களுக்காகத் திறந்துவிடுகிறார்கள். சமதரை, வெளிச்சம், இடையில் இருக்க வாங்கு, தமிழ் ஆட்களும் வருவார்கள். மகள் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிட்டால், ஒரு சுற்று நடந்து ஒரு தேத்தண்ணி குடித்து, நாலு கதை கதைத்து வரலாம். அந்தக் கதைதான் உங்களுக்கு மருந்து, நடை அதற்கு ஒரு சாட்டு.

வீட்டில் இருக்கும் நாளில் கதிரைப் பயிற்சி. கைப்பிடி உள்ள, சில்லில்லாத கதிரையைச் சுவரோடு வையுங்கள். முன்னுக்கு நகர்ந்து இருந்து, பாதத்தை நிலத்தில் பதித்து, கையால் தாங்கி எழும்புங்கள், மூன்று எண்ணி மெல்ல இருங்கள். இருக்கும்போது பொத்தென்று விழாமல் மெல்ல இறங்குவதில்தான் தொடைத் தசைக்கு வேலை. எட்டுத்தரம், பிறகு ஆறுதல், திரும்ப எட்டுத்தரம். முழங்கால் குத்தினால் கதிரைக்கு மேல் ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள். குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குவதும் சேர்த்துக்கொள்ளுங்கள், பானை கொதிக்கும் நேரம் செய்யலாம்.

தை மாதம் கனடாவில் தமிழ் மரபுத் திங்கள். ஒன்ராறியோவில் 2014-இலும் கனடா நாடாளுமன்றத்தில் 2016-இலும் ஏற்றுக்கொண்டார்கள். ஊரெல்லாம் மண்டபங்களில் பொங்கலும் கூத்தும் நடக்கும். ஒரு நாளாவது கூட்டிப்போகச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு சனிக்கிழமை நீங்களே நின்று ஒடியல் கூழ் காய்ச்சுங்கள். மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் இங்கே ஃபிரீசரில் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் நீங்கள்தான். உப்பை மட்டும் குறையுங்கள்.

கேள்வி: என்னுடன் வேலை செய்பவர் தினமும் 10,000 அலகு விற்றமின் டி எடுக்கிறார். மனம் உற்சாகமாக இருக்கும் என்கிறார். நானும் எடுக்கலாமா? ரத்தத்தில் பார்த்துவிட்டு எடுப்பது நல்லதா?
(வாசகர், ஏஜக்ஸ்)

பதில்: எடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு மேல் எல்லை ஒரு நாளைக்கு 4,000 அலகு. டொக்டர் பார்த்துக் கொடுக்காமல் அதைத் தாண்டினால் ரத்தத்தில் கல்சியம் கூடிச் சிறுநீரகத்தைத் தாக்கலாம். உற்சாகத்துக்கு என்றால், 2020-இல் அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டிய 18,353 பேரை ஐந்து வருடமளவில் பார்த்த ஆய்வு வெளிவந்தது. தினமும் 2,000 அலகு எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மனச்சோர்வில் வித்தியாசமே இல்லை. எலும்புக்காக எடுங்கள், 600 முதல் 1,000 அலகு பெரும்பாலானவர்களுக்குப் போதும். ரத்தச் சோதனைக்கு ஒன்ராறியோவில் 2010 டிசம்பரிலிருந்து எலும்புத்தேய்வு, சிறுநீரக நோய் போன்ற சில காரணங்கள் இருந்தால்தான் மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் காசு கட்டும். மற்றவர்கள் கைக்காசு போட்டுப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். அந்தக் காசுக்கு நல்ல குளிர்காலச் சப்பாத்து ஒன்றை வாங்கிக்கொண்டு காலையில் நடவுங்கள்.

கேள்வி: இரவு 11 முதல் காலை 7 வரை களஞ்சியத்தில் வேலை. டிசம்பரில் சூரியனைக் கண்ணாலேயே காண்பதில்லை. காலையில் நடக்கச் சொல்கிறீர்கள், நான் என்ன செய்வது?
(வாசகர், பிரம்டன்)

பதில்: உங்களுக்கு எழும்பும் நேரம்தான் காலை. இரண்டு மணிக்கு எழும்பினால் இரண்டரைக்கு வெளியே நில்லுங்கள், நாலே முக்கால்வரை வெளிச்சம் உங்களுடையது. வேலை முடிந்து வந்தவுடன் படுக்கையறையைக் கறுப்புத் திரையால் மூடிப் படுங்கள், போனைப் பார்க்காதீர்கள். பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போக முன் சாப்பிட்டுவிடுங்கள். நடு இரவு மூன்று மணிக்குச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் வேண்டாம், அந்த நேரம் உடம்பு சீனியைக் கையாளத் தடுமாறும். முட்டை, தயிர், ஆட்டாமா ரொட்டியும் பருப்பும், ஒரு பழம் போதும். கோப்பி வேலையின் முதல் பாதியோடு சரி.

கேள்வி: வணக்கம் மேடம். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்து முதல் குளிர்காலம். நாலு பேர் பேஸ்மென்ட்டில் இருக்கிறோம். சுத்த சைவம். காலையில் ஒன்றுமில்லை, மத்தியானம் நூடுல்ஸ், ராத்திரி சாதமும் ஊறுகாயும். வகுப்பு ஆன்லைனில். வீட்டுக்குப் போன் பேசினால் அழுகை வந்துவிடும் என்று போனே எடுப்பதில்லை.
(மாணவர், ஸ்காபரோ)

பதில்: தம்பி, முதலில் அம்மாவுக்குப் போன் எடுங்கள். அழுதால் பரவாயில்லை. நீங்கள் எடுக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பயம்.

நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு குளிர்காலம் முழுவதும் திரையில் வகுப்பைப் பார்ப்பது எந்த மனதையும் வாட்டும். இதைச் சமாளிக்க உங்கள் மனவலிமை போதாது என்று நினைக்காதீர்கள், அந்த அறையில் வெளிச்சம் போதாது. காலை வகுப்பு என்றால் குளித்து, சாப்பிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பொது நூலகத்துக்குப் போங்கள். பெரிய சன்னலோர மேசையாகப் பார்த்து இருங்கள். இலவசம், சூடு, வைஃபை, பக்கத்தில் மனிதர்கள். போக வர நடந்தால் உடற்பயிற்சிக்கு வேறாக நேரம் ஒதுக்க வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பதுதான் கணக்கு. நகரசபையின் பொழுதுபோக்கு நிலையங்கள் சிலவற்றில் பயிற்சி வகுப்புகள் இலவசம், விசாரியுங்கள்.

நாலு பேர் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு வேலையாகச் சமையுங்கள். ஒரு பெரிய பானை சாம்பார், பருப்பைக் கை நிறையப் போட்டு, உறைந்த கீரையும் கலப்பு மரக்கறியும் கொட்டி. உறைந்தது தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம், ஜனவரியில் வாடி வரும் கீரையைவிடச் சத்தானது, மலிவும்கூட. ஒரு பாத்திரம் ராஜ்மா அல்லது சுண்டல். டோஃபு வாங்கினால் கல்சியம் சேர்த்ததாகப் பாருங்கள், பனீர் செய்கிற மாதிரியே தாளிக்கலாம். காலையில் ஓட்ஸ், விற்றமின் டி சேர்த்த பால் அல்லது சோயாப்பால், ஒரு கைப்பிடி நிலக்கடலை. பி12 மட்டும் பருப்பிலும் கீரையிலும் கிடைக்காது. பால், தயிர் தினமும் போதிய அளவு சேராவிட்டால் மாத்திரை எடுக்க வேண்டும். சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைத் தடுக்கும். ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள், எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

உங்கள் கல்லூரியில் மனநல ஆலோசகர் இருப்பார், கட்டணத்திலேயே அது சேர்ந்திருக்கும். இந்தக் கிழமையே நேரம் கேளுங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் 9-8-8 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2023 நவம்பரிலிருந்து கனடா முழுவதும் இரவு பகல் வேலை செய்கிறது, காசில்லை. உங்களோடு இருக்கும் மற்ற மூவரின் போனிலும் அந்த எண்ணைப் போட்டுவையுங்கள்.

கேள்வி: 57 வயது, பிறஷர் இருக்கிறது. ஜிம் போக நேரமில்லை. ஸ்னோ வழிப்பதே நல்ல உடற்பயிற்சிதானே?
(வாசகர், பிக்கரிங்)

பதில்: அண்ணை, உங்களுக்கு அது பயிற்சி இல்லை. குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கும், ஈர ஸ்னோவைக் குனிந்து தூக்கும்போது மூச்சை அடக்குவீர்கள், பிறஷர் சட்டென்று ஏறும். பெரிய ஸ்னோ கொட்டிய அடுத்த நாள் ஆண்களுக்கு மாரடைப்புக் கூடுகிறது என்று கியூபெக் ஆய்வொன்று 2017-இல் காட்டியது. வருடம் முழுவதும் நடக்காத ஆள், ஒரு காலையில் அரை மணித்தியாலம் ஷவல் பிடித்தால் இதயம் தாங்காது. வழிக்கத்தான் வேண்டும் என்றால் கொட்டிக்கொண்டிருக்கும்போதே இடையிடையே வழியுங்கள், தூக்காமல் தள்ளுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் உள்ளே வாருங்கள். எழும்பியவுடனும் வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்டவுடனும் வேண்டாம். நெஞ்சு இறுகினால், இடக்கை அல்லது தாடை உளைந்தால் ஷவலைப் போட்டுவிட்டு 911 அழையுங்கள், தானே காரை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. மற்றபடி அடுத்த வீட்டுப் பெடியனுக்குப் பத்து, இருபது டொலர் கொடுத்து வழிக்கச் சொல்லிவிட்டு, அவன் வழித்த பாதையில் நீங்கள் நடந்து போய் வாருங்கள்.